எஞ்சினிடம் கடன் வாங்கும் மூச்சு

போர் விமானி ஆகப்போகிறவரை ஆகாயத்துக்கு அனுப்பும் முன் ஓர் இரும்பு அறைக்குள் உட்காரவைப்பார்கள். பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்திலும் அப்படி ஓர் அறை உண்டு. கதவை மூடிவிட்டு உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுப்பார்கள். 25,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் காற்று மெலிந்ததும், மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிக் காகிதமும் பென்சிலும் கொடுப்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுத வேண்டும். 93, 86, 79 வரை எழுத்து ஒழுங்காக இருக்கும். கொஞ்ச நேரத்தில் எண்கள் கோட்டை விட்டு இறங்கத் தொடங்கும். அப்புறம் ஒரே எண்ணை மூன்று முறை எழுதுவார். நகக்கண் நீலம் பாரித்திருக்கும். ஆனால் முகத்தில் ஒரு மலர்ச்சி. தான் பிரமாதமாக எழுதிக்கொண்டிருப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. மாஸ்க்கைத் திரும்ப மாட்டிய பிறகு காகிதத்தைக் காட்டினால், “இதை நானா எழுதினேன்?” என்பார்.

இந்தப் பயிற்சி சொல்லித்தருவது ஒன்றைத்தான். ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது. நமக்கு மூச்சு முட்டுவதெல்லாம் பெரும்பாலும் உடம்பில் கரியமில வாயு சேர்வதால்தான். மெலிந்த காற்றில் கரியமில வாயு தடையில்லாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும், ஆகவே உடம்பு கூச்சல் போடாது. கொரோனாவின் இரண்டாம் அலையில் இதை நாம் வீட்டிலேயே பார்த்தோம். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 80 காட்டும், மாட்டிக்கொண்டவர் செல்போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். விமானியின் ஆபத்தும் அதே வகைதான். அவர் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில், தனியாக இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

25,000 அடியில் மாஸ்க் இல்லாமல் புத்தி வேலை செய்யும் நேரம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். 35,000 அடியில் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். 40,000 அடியில் இருபது வினாடிக்குள் முடிந்துவிடும். இவ்வளவுக்கும் அங்கேயும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான், மெரினா கடற்கரையில் இருக்கும் அதே சதவீதம். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், 18,000 அடியில் அது பாதியாகிவிடும். நுரையீரலின் மெல்லிய சவ்வைத் தாண்டி ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது இந்த அழுத்தம்தான். அழுத்தம் குறையக் குறைய, சதவீதத்தைக் கூட்டி ஈடுகட்டலாம். 34,000 அடியில் கலப்பில்லாத ஆக்சிஜனைச் சுவாசித்தால் கடற்கரையில் நிற்பதற்குச் சமம். 40,000 அடியில் அதே சுத்த ஆக்சிஜன் 10,000 அடி மலையில் நிற்பதற்குச் சமம். அதற்கும் மேலே போனால் ஆக்சிஜனை அழுத்தத்தோடு மூச்சுக்குழாயில் திணிக்க வேண்டும். அப்போது மூச்சை உள்ளே இழுக்க முயற்சி தேவையில்லை, வெளியே விடத்தான் பாடுபட வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய வேலையைத் தலைகீழாகச் செய்வது எளிதில் கைவராது.

பயணிகள் விமானத்தில் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றலாம். அதன் உடலையே காற்றால் நிரப்பி, வெளியே என்ன உயரமாக இருந்தாலும் உள்ளே 8,000 அடிக்கு மேல் ஏறாதபடி வைத்திருக்கிறார்கள். போர் விமானத்தில் அவ்வளவு அழுத்தம் வைப்பதில்லை. ஒரு குண்டு துளைத்தால் உள்ளழுத்தம் வெடித்து வெளியேறும், அதைத் தாங்குமளவுக்குக் கூட்டைக் கனமாகக் கட்டினால் விமானத்தின் துடிப்பு போய்விடும். அதனால் 50,000 அடியில் பறக்கும்போது காக்பிட்டுக்குள் ஏறத்தாழ 20,000 அடி உயரத்தின் காற்றுதான் இருக்கும். மாஸ்க் கட்டாயம்.

மாஸ்க்குக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வருவது என்பதுதான் நூற்றைம்பது ஆண்டுக் கேள்வி.

1875 ஏப்ரல் 15 அன்று பாரிசிலிருந்து ‘ஸெனித்’ என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பினார்கள்: காஸ்தோன் திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். காற்றழுத்த ஆராய்ச்சியாளர் பால் பெர் சொன்ன யோசனைப்படி பைகளில் ஆக்சிஜன் கலந்த காற்றை எடுத்துப்போனார்கள். எடுத்த அளவு போதாது என்று பால் பெர் எழுதிய கடிதம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. இருப்பதோ கொஞ்சம், கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்வோம் என்று மூவரும் இருந்துவிட்டார்கள். 8,000 மீட்டரை நெருங்கியபோது திசாந்தியேவுக்குக் குழாயை எடுத்து வாயில் வைக்க வேண்டும் என்று தெரிந்தது, கை எழவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற பேச்சு அங்கே அச்சு அசலாக நடந்தது. பலூன் தரையிறங்கியபோது மற்ற இருவரும் பிணமாகக் கிடந்தார்கள். பிழைத்த திசாந்தியேவுக்குக் காது கேட்காமல் போனது. பின்னால் அவர் எழுதியதில் ஒரு விஷயம் முக்கியம்: அந்த நேரத்தில் அவருக்குப் பயமே இல்லையாம், உள்ளுக்குள் ஓர் ஆனந்தம்தான் இருந்ததாம்.

அடுத்த கட்டங்களை விரைவாகக் கடந்துவிடலாம். முதல் உலகப்போரில் ஒரு குழாயைச் சுங்கான் மாதிரி பல்லில் கடித்துக்கொண்டு ஆக்சிஜன் உறிஞ்சினார்கள். இரண்டாம் உலகப்போரில் மாஸ்க்கும், மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்கும் ரெகுலேட்டரும் வந்தன. ஆனால் வாயு சிலிண்டர் கனம் அதிகம், கொள்ளுவது குறைவு. ஜெட் யுகத்தில் திரவ ஆக்சிஜன் வந்தது, சுருக்கமாக லாக்ஸ். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் வெளிர்நீலத் திரவம். ஒரு லிட்டர் லாக்ஸ் ஆவியானால் ஏறக்குறைய 860 லிட்டர் வாயு. ஐந்து லிட்டரோ பத்து லிட்டரோ கொள்ளும் ஒரு பிளாஸ்க் இருந்தால் விமானிக்குப் பல மணி நேரத்துக்குப் போதும்.

விமானிக்கு லாக்ஸ் சுகம், தரையில் இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. பிளாஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது நிற்கும்போதே ஆவியாகிக்கொண்டிருக்கும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் நிரப்பியாக வேண்டும். நிரப்புகிறவர் முகக்கவசம், தடித்த கையுறை, ஏப்ரன் எல்லாம் போட்டுக்கொண்டு நிற்பார். சொட்டு பட்டால் தோல் வெந்ததுபோல் கருகும். கையில் கிரீஸ் ஒட்டியிருந்தால் தீ. தார் போட்ட தரையில் லாக்ஸ் சிந்திய இடத்தில் பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தால்கூட வெடிக்கலாம். விமானம் எங்கே போனாலும் லாக்ஸ் தயாரிக்கும் ஆலையோ, கொண்டுவரும் டேங்கரோ பின்னாலேயே போக வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலில் அந்த ஆலை இடத்தையும் ஆளையும் தின்றது. எதிரிக்கும் வசதிதான். விமானத்தைத் தேடி அடிக்க வேண்டியதில்லை, லாக்ஸ் ஆலையை அடித்தால் போதும்.

அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. விமானம் காற்றுக்குள்தானே பறக்கிறது? எஞ்சின் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை விழுங்கி அமுக்குகிறது? அதில் ஒரு கைப்பிடியை எடுத்து ஆக்சிஜனைப் பிரித்துக்கொண்டால் என்ன?

முதலில் அமெரிக்கர்கள் வேதியியல் வழியைப் பார்த்தார்கள். 1970களில் பி-1 பாம்பர் விமானத்துக்காக ஃபுளூவோமைன் என்ற கோபால்ட் சேர்மத்தைச் சோதித்தார்கள். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் மாதிரி குளிர்ந்தால் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். ஹீமோகுளோபினை உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொள்கிறது, விமானத்துக்கு அந்த வசதி ஏது? சேர்மம் நாளடைவில் சோர்ந்துபோனது. வென்றது ஒரு கல்.

ஜியோலைட் என்றால் கிரேக்கத்தில் கொதிக்கும் கல். 1756-இல் சுவீடனின் குரோன்ஸ்டெட் ஒரு தாதுவைச் சூடாக்கியபோது அதிலிருந்து நீராவி பொங்கியதைப் பார்த்து வைத்த பெயர். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து கட்டிய கூண்டு அது. கூண்டுக்குள் சோடியம், கால்சியம், லித்தியம் போன்ற அயனிகள் குடியிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் இதைச் செயற்கையாகச் செய்யக் கற்றார்கள். இதற்கு மூலக்கூறுச் சல்லடை என்ற பெயர் நிலைத்துவிட்டது. என்னைக் கேட்டால் அது ஆளை ஏமாற்றும் பெயர். ஆக்சிஜன் மூலக்கூறும் நைட்ரஜன் மூலக்கூறும் பருமனில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ரவையையும் மாவையும் போலச் சலித்துப் பிரிக்க முடியாது. இரண்டும் கூண்டுக்குள் நுழையும். ஆனால் நைட்ரஜனின் மின்னூட்டப் பரவல் கொஞ்சம் கோணலானது. உள்ளே இருக்கும் அயனி அதைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும், ஆக்சிஜனைப் போக விட்டுவிடும். கோயில் கூட்டத்தில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் நின்று பேசுகிறவரும், நேரே சந்நிதிக்குப் போகிறவரும் மாதிரி.

பிடித்த நைட்ரஜனை விடுவிக்காவிட்டால் கல் நிரம்பிவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் தானாகவே கக்கிவிடும். எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ரோம் 1960-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு குடுவை, இரண்டிலும் ஜியோலைட். ஒன்றில் அமுக்கிய காற்று ஏறும்போது மற்றொன்று நைட்ரஜனை வெளியே தள்ளும். சில வினாடிகளில் வால்வு திரும்பும், வேலை மாறும். சுத்தமாகப் பிரிந்த ஆக்சிஜனில் கொஞ்சத்தை அடுத்த குடுவைக்குள் பின்பக்கமாகச் செலுத்திக் கழுவியும் விடுவார்கள். எரிப்பது கிடையாது, உறையவைப்பது கிடையாது, அசைவது வால்வு மட்டும்.

போர் விமானத்தில் இந்தப் பெட்டிக்கு ஓபாக்ஸ் என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து விமானிகள் ஒரு சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். ஜெட் எஞ்சினின் கம்ப்ரஸர் பகுதியிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கிளைக் காற்றை எடுத்து, குளிரவைத்து, ஈரத்தைப் பிரித்து, வடிகட்டி இந்தப் பெட்டிக்குள் விடுவார்கள். மறுபக்கம் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வரும். ஆனால் 95-ஐத் தாண்டாது. காற்றில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் ஆர்கான் வாயுவையும் ஜியோலைட் கண்டுகொள்வதில்லை, அதுவும் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இதில் ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. உயரம் ஏற ஏற வெளிக் காற்றின் அழுத்தம் குறையும், குடுவை கக்குவது சுலபமாகும். ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் உயரத்தில் பெட்டி தானாகவே நன்றாக வேலை செய்யும்.

வழக்கமான சேவைக்கு இந்தப் பெட்டியோடு வந்த முதல் போர் விமானமாக, 1980களின் நடுவில் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்த ஏவி-8பி ஹாரியரைச் சொல்வார்கள். அந்த விமானத்துக்குத்தான் இது அதிகம் தேவைப்பட்டது. சின்னக் கப்பல், காட்டுக்குள் வெட்டிய திடல், சாலை ஓரம் என்று எங்கிருந்தும் எழும்பும் விமானத்துக்குப் பின்னால் லாக்ஸ் டேங்கர் ஓட முடியுமா? அப்புறம் பி-1பி, எஃப்-15இ, ரஃபேல், யூரோஃபைட்டர், சூப்பர் ஹார்னெட், எஃப்-22, எஃப்-35, பயிற்சி விமானங்கள் என்று வரிசையாக வந்தன. எரிபொருள் இருக்கும்வரை ஆக்சிஜன் உண்டு. வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டால் மணிக்கணக்கு இல்லை. தரையில் நிரப்பும் வேலை போனது, தீ பயம் போனது. இருபது வருடத்துக்கு மேல் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் தவறோ என்னவோ.

2010 நவம்பர் 16 இரவு, அலாஸ்காவில் பயிற்சிக்குப் போன ஓர் எஃப்-22 விழுந்து நொறுங்கியது. விமானி இறந்தார். எஞ்சினிலிருந்து எடுக்கும் கிளைக் காற்றில் கோளாறு என்று விமானத்தின் கணினி கருதி அந்தக் குழாயை மூடிவிட்டது. குழாய் மூடினால் ஓபாக்ஸும் நிற்கும், காக்பிட் அழுத்தமும் நிற்கும். ஒரே வால்வில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. இருக்கையின் பக்கவாட்டில் அவசர ஆக்சிஜன் பாட்டில் இருந்தது. அதைத் திறக்க ஒரு வளையத்தை இழுக்க வேண்டும். கனத்த குளிர் உடை, இரவுக் கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, தலைகீழாகப் பாயும் விமானத்தில் அந்த வளையத்தைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஸெனித்’ பலூனில் திசாந்தியேவின் கை எழாதது இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. விமானப்படையின் விசாரணைக் குழு, விமானி கவனம் சிதறியதே காரணம் என்று எழுதியது. 2013-இல் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று சொன்னது. செத்தவர்மேல் பழியைப் போடுவது எந்த ஊரிலும் சுலபம்தான்.

எஃப்-22 விமானிகள் வேறு குறையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைசுற்றல், குழப்பம், தரையிறங்கிய பிறகும் ஓயாத இருமல். 2011 மே முதல் செப்டம்பர் வரை அத்தனை எஃப்-22 விமானங்களையும் தரையில் நிறுத்தினார்கள். காற்றில் நஞ்சு கலக்கிறதா என்று தேடினார்கள், உறுதியாக எதுவும் அகப்படவில்லை. மறுபடி பறந்ததும் மறுபடி அதே புகார். 2012 மே மாதம் இரண்டு விமானிகள் சீருடையோடு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, இதில் பறக்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்றார்கள். ராணுவத்தில் அது சின்ன விஷயமில்லை. கடைசியில் கைக்கு அகப்பட்ட காரணம் ஒரு மேலங்கி. அதிக ஈர்ப்பு விசையின்போது மட்டும் ஊதி நெஞ்சைத் தாங்க வேண்டிய அங்கி, வால்வுக் கோளாறால் தேவையில்லாதபோதும் ஊதி, நெஞ்சை விரியவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நஞ்சைத் தேடி மாட்டிய கரித்தூள் வடிகட்டி மூச்சை இன்னும் கடினமாக்கியது. ஆக்சிஜன் நிறைய இருந்தது, இழுக்கத்தான் இடமில்லை.

அந்த இருமலுக்கும் ஒரு கதை இருக்கிறது, அது எதிர்ப்பக்கம் கொண்டுபோகும் கதை. நுரையீரலின் காற்றுப் பைகளை உள்ளிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துவது நைட்ரஜன்தான். ரத்தம் அதை உறிஞ்சிக்கொள்வதில்லை, பையிலேயே தங்கிவிடும். தாழ்வான உயரத்திலும் 90 சதவீத ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், ரத்தம் அத்தனையையும் உறிஞ்சிவிடும். அதோடு ஈர்ப்பு விசையும் அழுத்தும்போது பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தரையிறங்கிய பிறகு அவற்றை விரிக்க உடம்பு இருமுகிறது. வீசி எறிந்த நைட்ரஜனுக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. அதனால்தான் 2015-இல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட தர விதி, எந்த உயரத்தில் ஆக்சிஜன் எவ்வளவுக்குக் குறையக்கூடாது என்பதோடு எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பதையும் வகுத்தது.

நைட்ரஜனைப் பற்றி இன்னொன்று. இதே விமானங்கள் பலவற்றில் எரிபொருள் தொட்டிக்குள் தீப்பிடிக்காதபடி நைட்ரஜனை நிரப்ப இன்னொரு பெட்டியும் இருக்கும். ஒரு பெட்டி நைட்ரஜனைத் துரத்துகிறது, பக்கத்துப் பெட்டி அதையே தேடிப் பிடிக்கிறது.

2017 மார்ச் கடைசியில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சித் தளங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்றுநர்கள் டி-45 விமானத்தில் ஏற மறுத்தார்கள். வேலைநிறுத்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ராணுவத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். ஏப்ரல் 5 அன்று கடற்படையே எல்லா டி-45 விமானங்களையும் நிறுத்தியது. அங்கேயும் முதலில் நஞ்சைத்தான் தேடினார்கள். ஆயிரக்கணக்கில் காற்று மாதிரிகளைச் சோதித்த பிறகு தெரிந்தது வேறு: எஞ்சின் மெதுவாக ஓடும்போது, உதாரணமாக உயரத்திலிருந்து இறங்கும்போது, ஓபாக்ஸுக்கு வந்து சேரும் காற்றே போதவில்லை. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அதற்குத் தீனிதான் போதாமல் போனது. காற்றுக் குழாய்ப் பாதையைச் சீர்செய்ததும் புகார்கள் வெகுவாகக் குறைந்தன.

அந்த வருடம் ஜூனில் அரிசோனாவின் லூக் தளத்தில் ஐந்து விமானிகளுக்கு அறிகுறிகள் தோன்றியதும் எஃப்-35 பறப்பதைச் சில நாள் நிறுத்தினார்கள். 2018 பிப்ரவரி முழுக்க அமெரிக்க விமானப்படையின் டி-6 பயிற்சி விமானங்கள் தரையில் நின்றன. டி-6-இல் கண்டது, ஆக்சிஜன் அளவு நிலையாக இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது என்பது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே அது போகவில்லை, ஆனால் அந்த ஆட்டமே உடம்பைக் குழப்பியது. சூப்பர் ஹார்னெட்டில் காக்பிட் அழுத்தமே திடீர் திடீரென்று மாறியது. கப்பல் தளத்தில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் விமானத்தின் புகையைப் பின்னால் நிற்பது விழுங்கும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடை ஜியோலைட் முழுதாகப் பிடித்துவைக்காது, அதை மாற்ற ஒரு வினையூக்கியைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஜியோலைட்டுக்கு ஈரமும் ஆகாது. தண்ணீர் ஏறினால் நைட்ரஜனுக்கு வைத்த இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் ஒரே காரணம் என்று ஒன்றைத் தேடியவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள். லாக்ஸ் காலத்தில் விமானியின் மூச்சு ஒரு பாட்டிலை மட்டும் நம்பியிருந்தது. பாட்டிலில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை, முள் காட்டிவிடும். ஓபாக்ஸ் வந்த பிறகு எஞ்சினின் வேகம், குளிரூட்டி, ஈரம் பிரிப்பான், வால்வு, கணினி, ரெகுலேட்டர், ஹோஸ், மாஸ்க், மேலங்கி என்று ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கம்பெனி, ஓர் அலுவலகம், ஒரு பரிசோதனைத் தாள். ஒவ்வொன்றும் தன் தாளில் தேறியிருந்தது. மொத்தச் சங்கிலியும் சேர்ந்து ஒரு மனிதனுக்கு மூச்சுத் தருகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை. ஹார்னெட் பிரச்சினையை ஆராய்ந்து 2017-இல் நாசா கொடுத்த அறிக்கை கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: நீங்கள் விமானத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள், விமானிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு அவர்களிடம் எண்களே இல்லை என்பதுதான் வேடிக்கை. பெட்டியிலிருந்து வெளிவரும் ஆக்சிஜன் சதவீதத்தை அளந்தார்கள். விமானி இழுக்கும் மூச்சை வானத்தில் வைத்து யாரும் ஒழுங்காக அளந்ததில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுப்பார். சண்டைத் திருப்பத்தில் ஏழு எட்டு மடங்கு ஈர்ப்பு விசை அழுத்தும்போது, அடிவயிற்றை இறுக்கி, மூச்சைப் பிடித்து, மூன்று வினாடிக்கு ஒரு தடவை ‘ஹக்’ என்று விட்டு இழுப்பார். அந்த ஒரு கணத்தில் அவர் கேட்பது சராசரியைவிடப் பல மடங்கு. நிமிடக் கணக்கில் போதுமான ஆக்சிஜனைத் தரும் பெட்டி, அந்த அரை வினாடியில் தராமல் போகலாம். குடத்தில் தண்ணீர் இருக்கிறது, விக்கல் எடுக்கும்போது டம்ளர் கிடைக்கவில்லை என்பது போல.

நாசாவின் விமானிகள் ஐந்து பேர், எஃப்-15, எஃப்-18 விமானங்களில் நூறுக்கும் மேற்பட்ட தடவை பறந்து, இழுக்கும் மூச்சையும் விடும் மூச்சையும் தனித்தனியாக அளந்தார்கள். 2020-இல் வந்த அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒருவர் மூச்சு விடுவது போல் இன்னொருவர் விடுவதில்லை, ஒரே வேலையைச் செய்யும்போதும் வித்தியாசம் பெரிது. சராசரி விமானி என்று ஒருவரைக் கற்பனை செய்து பெட்டி கட்டினால் அது யாருக்கும் பொருந்தாது. இரண்டாவது, மூச்சின் தாளத்தோடு வால்வு சேர்ந்து போகாவிட்டால், ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் உடம்பு சோர்கிறது. இழுக்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம் தாமதம், விடும்போது எதிரே ஒரு தள்ளல். ஒரு தடவை என்றால் தெரியாது. ஒரு மணி நேரம் அப்படியே போனால், விமானி தன்னை அறியாமல் மேலோட்டமாகவோ படபடவென்றோ மூச்சு விடத் தொடங்குவார். படபடவென்று விட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, விரல் மரத்து, தலை சுற்றும். ஆக்சிஜன் குறைந்தாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிதான். அதனால்தான் இத்தனை வருடம் நோயைத் தவறாகப் படித்தார்கள். இந்தத் தாளப் பிசகு பழைய லாக்ஸ் விமானங்களிலும் இருந்ததை அதே ஆய்வு காட்டியது. ஆகப் பழி முழுவதையும் ஓபாக்ஸ் தலையில் கட்டவும் முடியாது.

இனி என்ன வழி? ஜியோலைட்டுக்குப் பதில் பீங்கான் தகட்டை எழுநூறு டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஆக்சிஜன் அயனிகளை மட்டும் அதன் வழியே மின்சாரத்தால் இழுக்கும் முறை ஒன்று ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆர்கான்கூட நுழையாது, சுத்த ஆக்சிஜன் வரும். ஆனால் விமானத்துக்குள் ஓர் உலையைச் சுமந்துகொண்டு பறக்க வேண்டும், மின்சாரமும் அதிகம். உடனடியாக நடந்த மாற்றங்கள் எளிமையானவை. ஆக்சிஜன் அளவை நொடிக்கு நொடி பார்க்கும் மானிட்டர். பெட்டி நின்றால் விமானி கையை எதிர்பார்க்காமல் தானாகத் திறந்துகொள்ளும் மாற்று ஆக்சிஜன். எஃப்-22-இல் அந்த இரண்டாவதைப் பிற்பாடு சேர்த்தார்கள். அவசர வளையத்தையும் கைக்கு வசதியாக மாற்றினார்கள்.

இந்தியாவில் இந்த வேலை பெங்களூரில் நடக்கிறது. டிஆர்டிஓ-வின் டெபெல் என்ற உயிர்ப்பொறியியல் ஆய்வகம் தேஜஸ் போர் விமானத்துக்காக ஓபாக்ஸ் அடிப்படையிலான உயிர்காப்பு ஏற்பாட்டை உருவாக்கியது. தயாரிப்பில் கூட்டாளி எல் அண்ட் டி. 2025 மார்ச் 4 அன்று ஒரு தேஜஸ் மாதிரி விமானத்தில் 50,000 அடி வரை கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆக்சிஜன் செறிவு, மூச்சுக்கு ஏற்ப வழங்குவது, ஈர்ப்பு விசை எதிர்ப்பு வால்வு எல்லாவற்றையும் ஓட்டத்திலும் எழும்பலிலும் திருப்பத்திலும் தரையிறக்கத்திலும் பார்த்தார்கள். பத்துக் கருவிகள் கொண்ட தொகுப்பாக இதைக் கட்டியிருப்பது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. பெட்டியை ஒருவரும் மாஸ்க்கை இன்னொருவரும் தனித்தனியே செய்து கடைசியில் ஒட்டவைத்த அமெரிக்க அனுபவம் கண்முன்னே இருக்கிறது. ஆனால் டி-45 சொன்ன பாடம் பெட்டிக்கு வெளியே, எஞ்சின் குழாயில் இருந்தது. வருடக்கணக்கில், வெவ்வேறு விமானிகளோடு, வெவ்வேறு பருவத்தில் பறந்த பிறகுதான் அந்தக் கணக்கு முடியும்.

இந்தத் தொழில்நுட்பத்தைத் தமிழ்நாட்டு மக்கள் விமானத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்கு நாடே அலைந்தபோது, தேஜஸுக்காகச் செய்த ஜியோலைட் முறையை டெபெல் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் மருத்துவமனை ஆலையாகப் பெரிதாக்கியிருந்தது. ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்றால் 190 பேருக்குப் போதும் என்பது டிஆர்டிஓ சொன்ன கணக்கு. பிஎம் கேர்ஸ் நிதியில் செய்ய வேண்டிய ஆலைகளில் 332-ஐ டாடா நிறுவனத்துக்கும் 48-ஐக் கோயம்புத்தூரின் டிரைடன்ட் நியூமேட்டிக்ஸ் நிறுவனத்துக்கும் கொடுத்தார்கள். பம்பும் கம்ப்ரஸரும் கோவைக்குப் புதிதா என்ன? ஆனால் குடுவைக்குள் போட வேண்டிய ஜியோலைட் உள்ளூரில் போதவில்லை, ரோமிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பெங்களூருக்கு ஏற்றிவந்தார்கள். விமானி சுவாசிக்கப் பிறந்த கல், விமானத்தில் ஏறி வந்து வார்டில் கிடந்தவரின் மூச்சுக்கு உதவியது. இங்கேயும் குறை அதே குறைதான்: அங்கே எஞ்சின் நின்றால் மூச்சு நிற்கும், இங்கே கரண்ட் போனால். ஆகவே எந்த ஆஸ்பத்திரியும் ஆலையின் பக்கத்தில் ஒரு வரிசை சிலிண்டரை நிறுத்திவைக்காமல் இருப்பதில்லை.

கோவையிலிருந்து சூலூர் பக்கம்தான். தேஜஸின் இரண்டு படைப்பிரிவுகள் வளர்ந்த தளம் அது. 45-ஆவது பிரிவு 2018-இல் அங்கே இடம் மாறியது, 18-ஆவது பிரிவு 2020 மே 27 அன்று அங்கேயே தேஜஸோடு மீண்டும் செயல்படத் தொடங்கியது. நாளை எந்த விமானத்தில் எந்த ஓபாக்ஸ் பொருத்தப்பட்டாலும், ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு சின்னப் பொருள் இருக்கும். ஓபாக்ஸ் வைத்த உலகத்தின் எந்தப் போர் விமானத்திலும் அதை யாரும் எடுத்துவிடவில்லை. தரைப் பணியாளர் ஏணியில் ஏறி, குனிந்து, விமானியின் இருக்கையோடு பொருத்திய அவசர ஆக்சிஜன் பாட்டிலின் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, வளையம் கைக்கு அகப்படுகிறதா என்று ஒரு முறை தொட்டும் பார்ப்பார்.